மூக்காயியும் மூன்றாவது குரலும்

முன்னொரு காலத்தில், அதாவது ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திராத காலத்தில், ஒரு பெரிய காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு ஒரு ராஜா இருந்தார். யார் என்று கேட்காதீர்கள். சிங்கம்தான். காடு என்றால் சிங்கம்தான் ராஜா. அதை மாற்ற எனக்கும் அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

ராஜாவின் பெயர் பிடரிவர்ம மகாராஜா. அவருடைய பிடரிமயிர் தோளையும் தாண்டித் தொங்கும். தினமும் காலையில் குளத்தங்கரைக்குப் போவார். தண்ணீரில் முகம் பார்ப்பார். இடப்பக்கம் ஒரு சிலுப்பு, வலப்பக்கம் ஒரு சிலுப்பு. பிறகு "ம்ம்" என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார். அதோடு அன்றைய ராஜகாரியம் முடிந்தது.

அப்படியானால் வேட்டையாடியது யார்? மகாராணி. மோப்பம் பிடிப்பது மகாராணி, துரத்துவது மகாராணி, அடிப்பது மகாராணி. முதலில் சாப்பிடுவது மட்டும் மகாராஜா. இப்படியே வருஷக்கணக்காக நடந்தது. மான் என்பது மரத்தடியில் தானாக வந்து படுத்துக்கொள்ளும் ஒரு பொருள் என்றே அவர் நம்பத் தொடங்கிவிட்டார்.

மகாராணி கர்ப்பமானாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் அல்லவா? தாய்வீடு ஏழு மலைக்கு அப்பால். புறப்படும்போது சொன்னாள்:

"இந்தாருங்க, மூணு மாசத்துல பிள்ளையோட வந்துடறேன். அதுவரைக்கும் நீங்களா ஏதாச்சும் அடிச்சுச் சாப்பிடுங்க."

"அதுக்கென்ன, பார்த்துக்கிறேன்" என்றார் மகாராஜா. சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறதே.

முதல் நாள் ஒரு மானைத் துரத்தினார். பத்து எட்டு ஓடியதும் பிடரி கண்ணை மறைத்துவிட்டது. ஒரு மரத்தில் மோதிக்கொண்டார். இரண்டாம் நாள் ஒரு முயலைத் துரத்தினார். முயல் சிரித்துக்கொண்டே போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு தவளையைப் பார்த்து உறுமினார். தவளை திருப்பி உறுமியது. நான்காம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையால்தான் நம் மூக்காயிக்குக் கஷ்டகாலம் பிறந்தது.

மூக்காயி ஒரு கழுதைப்புலி. கழுதையும் இல்லை, புலியும் இல்லை. யாரோ அவசரத்தில் வைத்த பெயர். முன்னங்கால் நெட்டை, பின்னங்கால் குட்டை, சமதரையில் நின்றாலும் மேடு ஏறுகிறவளைப் போலவே இருப்பாள். ஆனால் மூக்கு என்றால் மூக்கு, அப்படி ஒரு மூக்கு! இரண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் மான் தும்மினால் இந்தப் பக்கம் மூக்காயிக்குத் தெரியும். உழைப்பாளி. அவளுடைய புருஷன் பெயர் காத்தமுத்து. நல்லவன், வல்லவன், ஒரே ஒரு குறைதான். சிரிப்பை அடக்கத் தெரியாது. சந்தோஷம் வந்தாலும் சிரிப்பான், பயம் வந்தாலும் சிரிப்பான், மாமனார் செத்த அன்றைக்கும் சிரித்தான். அதற்காக மாமியார் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

இவர்களுக்கு மூன்று குட்டிகள்.

இப்போது அந்தக் காட்டின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். கவனமாகக் கேளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. சட்டத்தை வகுத்தவர் பிடரிவர்மனின் கொள்ளுத்தாத்தா. யார் எந்த இரையை அடித்தாலும் அதன் மேல் காலை வைத்து மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் தின்பவர் திருடர். காட்டை விட்டே வெளியேற வேண்டும். மூன்றாவது குரல் முடிவதற்குள் தன்னைவிட வலுத்தவர் யாராவது "என்னுது" என்று சொல்லிவிட்டால் இரை அவருக்குப் போய்விடும். மூன்றாவது குரல் முடிந்துவிட்டதோ, அப்புறம் ராஜாவே வந்தாலும் ஒரு எலும்புகூடக் கேட்கக் கூடாது.

சட்டத்துக்கு ஒரு வாலும் உண்டு. "என்னுது" என்று சொன்னவர் அதை அங்கேயே உட்கார்ந்து கடைசித் துணுக்குவரை தின்று தீர்க்க வேண்டும். தின்னாவிட்டால் அவருடைய பட்டம் போய்விடும். இந்த வாலை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். பறித்த கறியை எவன்தான் மிச்சம் வைத்தான்? ஒரே ஒருவர் மட்டும் மறக்கவில்லை. அவர் மொட்டைக் கழுகார். எங்கே யார் சாப்பிட்டாலும் மேலே வட்டமிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பவர். காட்டுக்கே சாட்சி அவர்தான்.

மகாராஜாவின் யோசனை என்ன என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மூக்காயியின் பொந்துக்கு எதிரே ஒரு புதரில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் இரையைப் பிடித்து, காலை வைத்து, முதல் குரல் கொடுப்பாள். புதருக்குள்ளிருந்தே, கண்ணைக்கூடத் திறக்காமல், "என்னுது!" என்பார். எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்றால், அதற்கும் சோம்பல்.

திங்கள்கிழமை காட்டுப்பன்றி போயிற்று. செவ்வாய்க்கிழமை மான் போயிற்று. புதன்கிழமை ஒரு கீரி, அதுவும் போயிற்று. இப்படியே ஒரு மாதம். மூக்காயிக்குக் கிடைத்ததெல்லாம் வண்டும் பூச்சியும்தான். கடைசிக் குட்டிக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. தாயின் மடியில் பாலும் வற்றிவிட்டது.

"வேற காட்டுக்குப் போயிடலாமா புள்ள?" என்றான் காத்தமுத்து. பயத்தில் சொன்னதால் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"வழியெல்லாம் கருகிப்போன பொட்டல். சின்னது தாங்குமா? நாலு அடி நடக்காது. அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள் மூக்காயி. கேட்டவள் அழுதுவிட்டாள். அவளுடைய அந்தப் பெரிய மூக்கின் நுனியிலிருந்து கண்ணீர் சொட்டியது. எனக்கே பாவமாக இருக்கிறது. காத்தமுத்துவும் அழத்தான் நினைத்தான். சிரிப்புதான் வந்தது.

மறுநாள் காலையில் இருவரும் பசி மயக்கத்தில் தள்ளாடிக்கொண்டு போனார்கள். அந்தப் புதரோரப் பாதையில் ஒரு பலாப்பழம் விழுந்து கிடந்தது. காத்தமுத்து அதைப் பார்க்காமல் காலை வைத்தான். முள் குத்தியது. பதறிப்போய், பழக்கதோஷத்தில், "கெக்கெக்கே!" என்று சிரித்தான்.

"என்னுது!" என்றது புதர்.

மகாராஜா பிடரியைச் சிலுப்பிக்கொண்டு வந்தார். பார்த்தார். பச்சையாய், முள்ளாய், உருண்டையாய் ஒன்று. முகம் சுருங்கியது. திரும்பிப் போகப் பார்த்தார்.

"மகாராஜா," என்றது மேலேயிருந்து ஒரு குரல். மொட்டைக் கழுகார். "வாலு ஒண்ணு இருக்கே."

"என் வாலுக்கு என்ன?"

"உங்க வாலு இல்ல. சட்டத்தோட வாலு. தின்னு தீர்க்கலைன்னா பட்டம் போயிடும். உங்க கொள்ளுத்தாத்தா வாக்கு."

மகாராஜா யோசித்தார். மகாராணி திரும்பி வரும்போது வெறும் பிடரிவர்மனாக நிற்பதா? மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள்? உட்கார்ந்தார். கடித்தார். தோல், முள், சக்கை, கொட்டை, எல்லாவற்றையும் தின்றார். "ராஜபோஜனம்!" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பலாப்பால் மீசையில் ஒட்டியது, மோவாயில் ஒட்டியது, அந்த அழகான பிடரி முழுவதும் ஒட்டியது. எழுந்து நடந்தார். வழியிலிருந்த காய்ந்த சருகெல்லாம் பிடரியில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ஓர் அடி வைத்தாலும் சரசர, சரசர என்று சத்தம் கேட்டது. ஒரு தையல்சிட்டு அதற்குள் கூடு கட்ட இடம் பார்த்துவிட்டுப் போனது.

மூக்காயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பசியால் மங்கிப்போயிருந்த புத்தி பளிச்சென்று விழித்துக்கொண்டது. 'இந்த மனுஷர் பார்க்காமலே வாயைத் திறக்கிறாரே!' என்று நினைத்தாள். சிங்கத்தை மனுஷர் என்று நினைக்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், அவள் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் ஈரமண்ணைத் தோண்டி ஒரு காட்டுக் கருணைக்கிழங்கை எடுத்தாள். எருமைக்கன்றின் தலை அளவு. காட்டுப்பன்றிகூட அதை முகர்ந்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டு ஒதுங்கும். அதன் மேல் காலை வைத்தாள். வெகுநாள் கழித்துக் கறி கிடைத்தவளைப் போல ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள்!

"என்னுது!" என்றது புதர்.

சரசர, சரசர. மகாராஜா வந்தார். பார்த்தார். மேலே நிமிர்ந்தார். கழுகார் கழுத்தை மட்டும் ஒரு சாண் நீட்டினார். போதாதா?

பச்சைக் கருணைக்கிழங்கு நாக்கில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தின்று பார்க்க வேண்டாம். முதல் வாய்க்கு நாக்கு அரித்தது. இரண்டாம் வாய்க்குத் தொண்டை அரித்தது. மூன்றாம் வாய்க்கு, சொறிய முடியாத இடமெல்லாம் அரித்தது. தின்று முடித்துவிட்டு, கோபத்தோடு வாயை அகலத் திறந்து, காடே அதிரும்படி ஒரு கர்ஜனை விட்டார்.

"மியாவ்."

காத்தமுத்து சிரித்துவிட்டான். மூக்காயி அவன் காதைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மகாராஜா அன்று முழுவதும் குளத்திலேயே வாயை வைத்துக்கொண்டு கிடந்தார். அந்த இடைவெளியில் மூக்காயி ஒரு முயலைப் பிடித்தாள். மூன்று குரலும் தடையில்லாமல் கொடுத்தாள். ஒரே ஒரு முயல், ஐந்து வாய். கடைசிக் குட்டி இரண்டு கவளம் தின்றுவிட்டு எழுந்து நின்றது. நின்று, மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஒரு நல்ல வேட்டை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் பிழைக்காது. மூக்காயிக்கு அது நன்றாகத் தெரிந்தது.

குளத்திலே கிடந்த மகாராஜாவும் சும்மா இருக்கவில்லை. ஒரு சபதம் எடுத்தார். "இனிமே பார்க்காம வாயைத் திறக்க மாட்டேன். கிட்டப் போவேன். முகர்ந்து பார்ப்பேன். அப்புறம்தான் சொல்லுவேன்." பூனைக்குரலில் எடுத்தாலும் சபதம் சபதம்தானே?

மூன்றாம் நாள் யானைத்தடத்துப் பக்கம் மூக்காயிக்கு ஒரு மான் கிடைத்தது. கொழுத்த புள்ளிமான். துரத்தித் துரத்தி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஓடி அடித்த மான். காலை அதன் மேல் வைத்து, குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். அப்போது தூரத்தில் கேட்டது.

சரசர. சரசர. சரசர.

காத்தமுத்து பதறினான். "வர்றாரு புள்ள! குரல் கொடுக்காம தின்னா திருட்டுப் பட்டம். குரல் கொடுத்தா மான் போச்சு. பார்த்தாருன்னா விடுவாரா?" கெக்கெக்கே.

மூக்காயி சுற்றும்முற்றும் பார்த்தாள். சற்று முன்புதான் யானைக்கூட்டம் அந்த வழியாகப் போயிருந்தது. போகிற வழியில் அது விட்டுவிட்டுப் போனது குவியல் குவியலாகக் கிடந்தது. புத்தம்புதுசு. ஆவி பறந்தது.

"தள்ளுங்க!" என்றாள்.

"எதை?"

"இந்த லத்தியை! மான் மேல தள்ளுங்க! சீக்கிரம்!"

இருவரும் பின்னங்காலால் தள்ளு தள்ளு என்று தள்ளினார்கள். மானின் தலை மறைந்தது. உடம்பு மறைந்தது. முன்னங்கால் மறைந்தது. ஒரே ஒரு பின்னங்குளம்பு மட்டும் எவ்வளவு தள்ளியும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. சரசர, வெகு அருகில் வந்துவிட்டது. காத்தமுத்து வேறு வழியில்லாமல் அந்தக் குளம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தயவுபண்ணிச் சிரிச்சுடாதீங்க. சின்னதை நெனச்சுக்குங்க" என்றாள் மூக்காயி. குவியலின் உச்சியில் ஏறிக் காலை ஊன்றினாள். முதல் குரல் கொடுத்தாள்.

மகாராஜா வந்து நின்றார். பிடரியெல்லாம் சருகு, மீசையெல்லாம் பிசின். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. குவியலைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கிட்டே போனார். முகர்ந்தார். மூக்கு நுனி சுருண்டது.

"ஓகோ!" என்றார். குரல் இன்னும் பாதிப் பூனை. "முந்தாநாள் முள்ளு. நேத்து அரிப்பு. இன்னைக்கு இதுவா?"

"மகாராஜா, ஏழை வீட்டுச் சாப்பாடுங்க" என்றாள் மூக்காயி பணிவாக. "நல்ல சூடா இருக்கு. உங்களுக்கு வேணும்னா 'என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." சொல்லிவிட்டு இரண்டாவது குரல் கொடுத்தாள்.

மகாராஜாவுக்கு அப்படி ஒரு பூரிப்பு. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டாரே! "நான் என்ன முட்டாளா?" என்றார். அப்போது அவர் பார்வை காத்தமுத்து மேல் விழுந்தது. காத்தமுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் குளம்பு குத்திக்கொண்டிருந்தது. குத்தினால்கூடப் பரவாயில்லை, கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தான்.

"இவன் ஏன் இப்படி இருக்கான்?"

"வயித்துவலிங்க மகாராஜா. நேத்தும் இதையேதான் தின்னாரு."

மகாராஜா ஓர் அடி பின்வாங்கினார். பிறகு நின்றார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பிசின் அடைத்த மூக்குதான், இருந்தாலும் சிங்கத்து மூக்கு. "ஆனா..." என்றார். "ஆனா இதுக்குள்ள ஏதோ வேற வாசனை..."

மூக்காயி மூன்றாவது குரலுக்கு வாயைத் திறந்தாள். குரலே எழும்பவில்லை. காற்றுதான் வந்தது. மகாராஜா குனிந்தார். இன்னொரு தடவை உறிஞ்சினார். அவர் கண் மெல்ல அகலமாயிற்று. வாய் மெல்லத் திறந்தது.

"எ..." என்று தொடங்கினார்.

அந்த நொடியில் காத்தமுத்துவால் தாங்க முடியவில்லை. பயம் ஒரு பக்கம், குளம்பு ஒரு பக்கம். அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெடித்தது.

"கெக்கெக்கெக்கெக்கே!"

"மூணு!" என்றார் மொட்டைக் கழுகார்.

"அது குரலா? அது சிரிப்பு!" என்று கத்தினார் மகாராஜா.

"கழுதைப்புலிக்குக் குரலே சிரிப்புதானே?"

"காலை வைக்கலையே அவன்! உட்கார்ந்திருக்கான்!"

கழுகார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "காலை வைக்கிறவனைவிட உட்கார்ந்தவன் இன்னும் நல்லா வச்சிருக்கான். தீர்ப்பு அவ்வளவுதான்."

மூக்காயி குவியலைக் காலால் விலக்கினாள். உள்ளே கொழுகொழு என்று புள்ளிமான். மகாராஜா அதைப் பார்த்தார். பிறகு தன் பிடரிச் சருகைப் பார்த்தார். பிறகு யாரையுமே பார்க்காமல் சரசர, சரசர என்று நடந்து போய்விட்டார். குட்டிகள் மூன்றும் வந்து விழுந்தன. கொஞ்சம் வாடை இருந்தது என்னவோ உண்மைதான். கடைசிக் குட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தின்று, ஏப்பம் விட்டு, எழுந்து நின்றது. நின்றது, உட்காரவில்லை. துள்ளிக் குதித்து அப்பன் வாலைக் கடித்தது. மூக்காயி மறுபடியும் அழுதாள், ஆனால் இது வேறு அழுகை. காத்தமுத்து சிரித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் சிரித்தான்.

மூன்று மாதம் முடிந்ததும் மகாராணி பிள்ளையோடு வந்து சேர்ந்தாள். மகாராஜாவை மூன்று தடவை சுற்றிப் பார்த்தாள்.

"தலையில என்ன இது?"

"பலாப்பழம்."

"குரலுக்கு என்ன?"

"கருணைக்கிழங்கு."

"மூணு மாசமா நீங்களா எதை அடிச்சுச் சாப்பிட்டீங்க?"

மறுநாள் காலையிலிருந்து, குளத்தங்கரைக்குப் போகும் வழக்கம் நின்றுபோயிற்று. மகாராணி முன்னால் போக, குழந்தை நடுவில் போக, மகாராஜா கடைசியில் போய் மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். குழந்தை முதலில் கற்றுக்கொண்டது என்று கேள்வி.

கதை இதோடு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். மூக்காயியைப் பற்றி நான் ஒன்றை மறைத்துவிட்டேன். நல்லவள் என்பதால் சொல்ல மனசு வரவில்லை. இந்தக் கஷ்டகாலத்துக்கு முன்னால், நல்ல காலத்தில், பொட்டழகன் என்ற சிறுத்தை இரை அடிக்கும்போதெல்லாம் அவள் குடும்பத்தோடு போய் நின்று "என்னுது!" என்பாள். அவன் தனிக்கட்டை. இவர்கள் கும்பல். பாவம், அவன் என்ன செய்வான்? விட்டுக்கொடுத்துவிட்டு மரத்தில் ஏறிக்கொள்வான்.

அந்தப் பொட்டழகன், மான் கிடைத்த அன்றைக்கும் மரத்தின் மேல்தான் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஒருநாள் மூக்காயி சும்மா அந்தப் பக்கமாகப் போனாள். பொட்டழகன் ஒரு பெரிய தழைக்குவியலின் மேல் காலை வைத்து முதல் குரல் கொடுத்தான். மூக்காயிக்கு எச்சில் ஊறியது. பழைய பழக்கம், வாய் தானாகத் திறந்தது. ஆனால் இவள் மகாராஜா இல்லையே, மூக்கை நீட்டி முகர்ந்தாள். தழைக்கு மேலே வேப்பிலையை நசுக்கிப் பரப்பியிருந்தான். அவ்வளவு பெரிய மூக்குக்கும் வேப்பிலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"என்ன தம்பி அது?" என்று கேட்டாள்.

"நீங்கதான் சொல்லுங்களேன் அக்கா" என்றான் பொட்டழகன். இரண்டாவது குரல் கொடுத்தான்.

மூக்காயிக்குப் பலாப்பழம் நினைவுக்கு வந்தது. கருணைக்கிழங்கு நினைவுக்கு வந்தது. "மியாவ்" நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் தாண்டி, மடியில் பால் வற்றிய அந்த மாதமும் நினைவுக்கு வந்தது. இந்தப் பையன் மரத்தில் ஏறி எத்தனை நாள் பட்டினி கிடந்திருப்பான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தாள். திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டாள்.

"நல்லாச் சாப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் வேட்டைக்குத் திரும்பி நடந்தாள். பின்னால் மூன்றாவது குரல் கேட்டது.

தழைக்கு அடியில் என்ன இருந்தது? மானாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். மூக்காயி கேட்கவில்லை, பொட்டழகனும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அடுத்தவன் காலடியில் கிடந்ததைப் பார்த்து "என்னுது" என்று யாரும் அவசரப்பட்டுச் சொன்னதே இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகையால், கேட்டவர்களே, அடுத்தவர் உழைத்துச் சேர்த்ததைப் பறித்துத் தின்று பழகியவன், தன் கண்ணையும் மூக்கையும் மறந்து, கடைசியில் தன் வாயாலேயே ஏமாந்துபோவான்.